நியூட்ரலில் இறக்கியவர்

ஜூலை 4, வியாழன்

இன்றும் வெயில் இல்லை. ஏற்காட்டில் ஜூலையில் துணி காயும் என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும். மூன்று லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் என் தலையில்தான் விடிகிறது. மழை நாளில் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, காரில் போட்டு, மலையிறங்கி, சேலத்தில் வாடகைக்கு எடுத்த மொட்டை மாடியில் துவைத்துக் காயவைத்து, திரும்ப மேலே கொண்டுவர வேண்டும். கார் நின்றால் என் பிழைப்பும் நின்றுவிடும்.

அந்தக் கார்தான் இப்போது முனகுகிறது. முதல் கியரில் போட்டால் மாவு மில்லில் நிற்பது போலச் சத்தம். அருள்தாஸ் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

"கிளட்ச்தான்க்கா. கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தான் போலிருக்கிறது. கிளட்சை முறுக்கிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டான். சத்தம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 6, சனி

விரிப்புகளில் பூஞ்சை வாடை. லாட்ஜ் மேனேஜர் போனில் கத்தினார். நானும் கத்தினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன்.

நான் மலை இறங்குவது எப்போதும் முதல் கியரில்தான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், ஜன்னலை இறக்கித் திட்டுவான், "லேடீஸ் டிரைவிங்" என்று சிரிப்பான். போடா என்று விட்டுவிடுவேன். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடாகிக் கைவிட்டுவிடும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது இல்லை.

இன்று முதல் கியர் போட்ட சத்தம் பயங்கரமாக இருந்தது. பஸ்காரன் வேறு பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக இரண்டாவது கியரில் இறக்கினேன். நன்றாகத்தான் வந்தது. பதினோராம் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கியர் தடி 'டக்' என்று தானாக நடுவில் வந்து நின்றது. நான் தொடவே இல்லை. வண்டி விடுபட்ட மாதிரி ஓட ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து, முதல் கியரை எப்படியோ குத்தி, வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். பஸ்காரன் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

பதினோராம் வளைவு. என் தம்பி நந்தகோபால் போன இடம்.

இடது பக்க சீட்டில் யாரையும் நான் உட்கார வைப்பதில்லை. அங்கே துணி மூட்டையை வைத்து, சரியாமல் இருக்க பெல்ட் போட்டுவிடுவேன். இன்று அந்த வெள்ளை மூட்டையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "நந்து, சும்மா இரு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஜூலை 10, புதன்

நேற்று எழுதியதைப் படித்தால் பைத்தியக்காரி எழுதினது போல இருக்கிறது. கியரைச் சரியாகப் போட்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான். சேலம் சிக்னல்களில்கூட அது இரண்டொரு தடவை கழன்றிருக்கிறது. "அழுத்திப் போடணும் மேடம்" என்று யார் யாரோ சொன்னார்கள், நானும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பாலகுரு இப்போது கார் பக்கமே போவதில்லை. முன்பு எஸ்டேட் ஆபீசில் வேலை. இப்போது வீட்டில் உட்கார்ந்து விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிறார். மடிப்பு கத்தி மாதிரி இருக்கும், லாட்ஜ்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். பேச்சு என்று பார்த்தால், "சோறு வைக்கட்டுமா?" "வை." இவ்வளவுதான் எங்கள் வீட்டில்.

நந்து போன அன்று இதே வண்டியை ஓட்டினது அவர். போலீஸ் வந்து பார்த்தபோது கியர் நியூட்ரலில், எதிலும் மாட்டாமல் நடுவில், இருந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். இவரோ குளியல் சோப்பை நூல் வைத்து இரண்டாக அறுக்கிற மனுஷர். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "உன் புருஷன் பத்து ரூபா பெட்ரோலுக்கு என் புள்ளய வித்துட்டான்டி" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தபோது ஒரே ஒரு தடவை சொன்னார்: "சுலோ, நான் நியூட்ரல் போடல. கியர் தானா வந்துருச்சு."

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூலை 13, சனி

திரும்பவும் நடந்தது. அதே வளைவு. இந்தத் தடவை நன்றாக அழுத்தித்தான் போட்டேன், சத்தியமாக.

கீழ் லாட்ஜில் சமையல் பார்க்கும் எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"உசுரு போன வண்டிய இத்தன நாளு வச்சிருக்கியே, அதுவே தப்பு சுலோச்சனா. தம்பிக்கு மனசு ஆறல. வித்துத் தொலச்சிரு."

"யாரு வாங்குவா? உனக்கு வேணுமா?"

"ஐயோ சாமி, எனக்கு எதுக்கு!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அவளே ஃபிரிட்ஜிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, "எங்களுக்கு இதெல்லாம் கிடையாது, ஆனாலும் வச்சுக்க" என்று கொடுத்தாள். நானும் வெட்கமில்லாமல் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினேன்.

அவன் என் மேல் கோபமாக இருப்பானா? அவன் சாவுக்குக் காரணமானவருக்கு ஐந்து வருஷமாக சோறு போடுகிறேனே என்று நினைப்பானா? குளிக்கும்போது, காய் நறுக்கும்போது, இதே நினைப்புதான். பயமாக இருக்கிறது. பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது, அவன் இன்னும் எங்கேயோ இருக்கிறான் என்று.

ஜூலை 15, திங்கள்

அருள்தாஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வேறு வழியில்லாமல் மூட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு அவனை இடது சீட்டில் உட்கார வைத்தேன். வழி முழுக்க அவன் மச்சினன் கல்யாணக் கதை. பதினோராம் வளைவு வந்ததும் நான் பேச்சை நிறுத்தச் சொன்னேன். காலை எடுத்தேன்.

டக்.

நான் அலறிவிட்டேன். அவன் நிதானமாகக் கையை நீட்டி இரண்டாவது கியரைத் திரும்பப் போட்டு, தடியை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டான். "கத்தாதீங்கக்கா. ஓரமா நிறுத்துங்க. பேயும் இல்ல பிசாசும் இல்ல, கியர் ஜம்ப் ஆவுது."

"ஏன் இதே எடத்துல?"

"இங்கதான இறக்கம் ஜாஸ்தி! மேல ஏறும்போது மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க, கியர் கவ்வி நிக்கும். இறங்கும்போது கால எடுத்தீங்கன்னா வண்டி எஞ்சினத் தள்ளும். பல்லு தேஞ்சு போயிருந்தா கியர் வெளிய வந்துரும். ரெண்டுல மட்டும்தான் இந்த வியாதி. நீங்க எப்பவும் ஒண்ணுல இறங்குனதால தெரியல."

"எத்தன வருஷமா இருக்கும்?"

"பாக்ஸ இறக்கிப் பார்த்தாதான் தெரியும். கிளட்ச்னு சொன்னது என் தப்பு, அந்தக் காச கழிச்சுக்கலாம்."

அப்புறம் அவன் செலவுக் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தான். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்து கெட்டதை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் சேலத்தில் உடைக்கிற வண்டியிலிருந்து முழு பாக்ஸையும் பழசாக வாங்கிப் போடலாம், அது கொஞ்சம் மலிவு. இரண்டும் முடியாது என்றால் விற்றுவிடலாம். வாஷிங் மெஷினுக்காக நான் சேர்த்து வைத்திருப்பது எதற்கும் சரியாகப் போதாது.

என் காதில் பாதிதான் விழுந்தது. கியர் தானா வந்துருச்சு, கியர் தானா வந்துருச்சு என்று வேறொரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நந்துவின் குரல் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

நேற்றும் இன்றும் சாப்பாடு இறங்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறார் போல.

ஜூலை 18, வியாழன்

புரோக்கர் மாரப்பன் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "ஆடி பொறந்துருச்சு, இந்த மாசம் எவனும் வண்டி வாங்க மாட்டான். ஆனா என்கிட்ட ஒரு பார்ட்டி இருக்கு. கியர்பாக்ஸ்ல கெட்டி ஆயில ஊத்திட்டா சத்தமே வராது. ஒரு மாசத்துக்குத் தாங்கும்."

"ஒரு மாசத்துக்கு அப்புறம்?"

"அப்புறம் அது அவன் வண்டி."

எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். காசு கைக்கு வரும், அந்த மூஞ்சியை இனிப் பார்க்க வேண்டியதில்லை. காரின் மூஞ்சியைச் சொல்கிறேன். சாயங்காலமே பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாகலூர்ப் பக்கத்துப் பையன், கூட பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை. ஆஸ்பத்திரிக்குக் கீழே போய்வர வண்டி வேண்டுமாம். அந்தப் பெண் நேராகப் போய் இடது கதவைத் திறந்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். "சீட்டு நல்லா மெத்துன்னு இருக்குதுங்க" என்றாள்.

"எந்திரிம்மா" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. "தம்பி, இதுல ரெண்டாவது கியர் நிக்காது. இறக்கத்துல கழண்டுக்கும். உனக்கு வேண்டாம் இந்த வண்டி."

மாரப்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "உருப்பட்ட மாதிரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். போகட்டும்.

ஜூலை 20, சனி

சொல்லிவிட்டேன்.

அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றுகொண்டேன்.

"ஏங்க, ரெண்டாவது கியர் தானா கழண்டுக்குது. அருள்தாஸ் கூட வந்து பார்த்துட்டான். நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம்."

கரண்ட் வீணாகக்கூடாது என்று முதலில் சுவிட்சை அணைத்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல சுலோ. நான்தான் நியூட்ரல் போட்டேன்."

"கோர்ட்ல வக்கீல் சொல்லச் சொன்னாரு, சீக்கிரம் முடியும்னு. அதனால ஒத்துக்கிட்டீங்க."

"மொதல்ல அப்படித்தான். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். இப்ப எனக்கு நல்லா ஞாபகம் வந்துருச்சு. நந்து பக்கத்துல உக்காந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். நான் கியரப் பிடிச்சு வெளிய எடுக்கறேன். என் கை தெரியுது எனக்கு. கையில இந்த வாட்ச் கூடத் தெரியுது."

இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த வாட்ச் போன தீபாவளிக்கு நான் சேலத்தில் வாங்கிக் கொடுத்தது.

பேய் இருப்பது காரில் இல்லை.

ஜூலை 22, திங்கள்

கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று நினைத்தேன். கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் ஏற்றினேன். முன்னால் உட்கார மாட்டேன் என்று பின் சீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டார். ஓட்டக்கூடாது என்று அருள்தாஸ் சொல்லியிருந்தான். ஓட்டினேன்.

பதினோராம் வளைவு. இரண்டாவது கியர். காலை எடுத்தேன். கியர் அசையவில்லை. அடுத்த வளைவிலும் அசையவில்லை. அடிவாரம் வரைக்கும் சமர்த்தாக வந்தது. ஸ்டியரிங்கில் குத்தினேன், அந்தத் தடியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், கழன்று தொலைக்கக் கூடாதா?

பின்னாலிருந்து, "பாத்தியா" என்றார். குரலில் ஏதோ நிம்மதி மாதிரி இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 24, புதன்

பாக்ஸை இறக்கச் சொல்லிவிட்டேன். பழைய பாக்ஸ் மலிவுதான். ஆனால் அது எந்த விபத்தில் உடைந்த வண்டியிலிருந்து வந்ததோ, அதில் யார் போனார்களோ, எனக்கு வேண்டாம். போதாத காசுக்கு லாட்ஜ்காரரிடம் முன்பணம் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ரிப்பேர் முடியும் வரை துணிக்கு வாடகை ஆட்டோ.

ஜூலை 29, திங்கள்

காலையில் அருள்தாஸ் போன் பண்ணினான். "அண்ணனையும் கூட்டிட்டு வாங்கக்கா." இவருக்கு வர இஷ்டமில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பட்டறையில் கியர்பாக்ஸைப் பிளந்து கோணியில் பரப்பி வைத்திருந்தான். உள்ளேயிருந்து கவட்டை மாதிரி ஓர் இரும்பை எடுத்துத் துடைத்தான். கியரைப் பிடித்துத் தள்ளுகிற ஃபோர்க் அதுதானாம். ஒரு காலில் தழும்பு மாதிரி தடித்திருந்தது.

"இது உடைஞ்சிருக்கு அண்ணே. எவனோ புதுசு போடாம வெல்டிங் வச்சு ஒட்டி மாட்டியிருக்கான். ஒட்டுன கால் கோணலா நிக்குது. அதனாலதான் கியர் முழுசா உள்ள போகல, பல்லெல்லாம் மழுங்கிருச்சு. ஒண்ணுல வந்த சத்தமும் இதுனாலதான்."

"விபத்துல உடைஞ்சிருக்கும்" என்றார் இவர்.

"விபத்துக்கு அப்புறம் கதவும் பாடியும்தான் பார்த்தோம். நான்தான பார்த்தேன்! பாக்ஸ இன்னைக்குத்தான் மொதல் தடவையா தொறக்கறேன். நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே எவனோ இந்த வேலயப் பார்த்துத் தலையில கட்டிட்டான். நீங்க ஓட்டுனப்பவும் இது இப்படித்தான் இருந்திருக்கும். எங்கிட்ட அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணே, கியர் கழண்டுச்சுன்னு?"

அவர் கையை நீட்டினார். அந்த ஃபோர்க்கை வாங்கி, வெல்டிங் வைத்த இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "புதுசு என்ன வெல?" என்று கேட்டார். அருள்தாஸ் சொன்னான். இரண்டு நாள் ஆட்டோ வாடகைகூட இல்லை. அவர் அப்படியே ஆயில் படிந்த தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "அத்தகிட்ட சொல்லாத சுலோ. அவங்களுக்கு வையறதுக்கு ஒரு ஆளு வேணும். நானும் இல்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்."

"எனக்கும் வைய ஒரு ஆளு வேணும்னுதான் இருந்தீங்களா?" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பனியில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வண்டி வந்தது. சத்தமே இல்லை. போனில் அருள்தாஸ், "இனிமே பயப்படாம ரெண்டுல இறங்குங்க" என்றான். எந்தக் கியரில் இறங்கினாலும் பதினோராம் வளைவு வரத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

வருஷா வருஷம் இந்த நாளில் அம்மா வீட்டுக்கு நான் மட்டும் போவேன். நந்து படத்துக்கு மாலை போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, அம்மா சாப்பிட்ட பிறகு இவரைத் திட்டுவாள். நான் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். அதுவும் சடங்கில் ஒன்று போல ஆகிவிட்டது.

இன்று அவள் ஆரம்பிக்கும் முன்னால் நான் ஆரம்பித்தேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கியர், ஃபோர்க், வெல்டிங், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு என்ன புரிந்ததோ.

"அப்ப மாப்ள போடல?"

"போடலம்மா."

"அப்ப யாருடி?"

"யாரோ ஒரு மெக்கானிக். எந்த ஊர்னுகூடத் தெரியாது."

படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கிளம்பும்போது வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

போன் எடுக்கவில்லை அம்மா. சொல்லியிருக்கக் கூடாதோ?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி, மேட்டில் மூச்சிரைக்க ஏறி, அம்மா வாசலில் வந்து நின்றாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் இவர் பார்த்துவிட்டார். மடித்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"மாப்ள..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

இவர் கைகட்டிக்கொண்டார். "நான்தான் நியூட்ரல்ல இறக்குனேன் அத்த. என் தப்புதான்" என்றார். கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொன்ன அதே குரல், அதே வேகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அன்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். "குடிக்கத் தண்ணி குடுங்க மாப்ள" என்றாள்.

அவர் அடுப்படிக்கு வந்தார். நான் பின்னாலேயே வந்து அவர் சட்டையைப் பிடித்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தாங்க. நீங்க செய்யலன்னு உங்களுக்கே தெரியும். ஏன் திரும்பவும் அதையே சொன்னீங்க?"

அவர் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டே யோசித்தார். நிஜமாகவே பதிலைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"தெரியல சுலோ. அவங்க முகத்தப் பார்த்ததும் வேற எதுவும் வாயில வரல" என்றார்.

தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா வாங்கிக் குடித்தாள்.